பூவரசு உரித்த வெள்ளிக்கிழமைகள்

முழங்கால் நோவு உள்ளவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். நான் கொஞ்சம் நீட்டித்தான் கதைப்பேன். எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை, உங்களுக்கும் இராது. என் வயதுக்காரிகளுக்குத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன், போனை நோண்டிக்கொண்டு "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்றார்கள். அந்த ஓமுக்கு நான் சுவரோடு கதைத்திருக்கலாம்.

கடற்கரை வீதியில் பூவரசங்கன்று நட்டிருக்கிறார்கள், கண்டீர்களா? ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கூடு வேறு. காசு கொடுத்து வாங்கின கன்றாம். பூவரசைக் காசுக்கு வாங்குகிற காலமும் வந்துவிட்டதே, ரப்பே! நமக்கெல்லாம் அது மரமா? வேலிதானே. ஒரு கொப்பை வெட்டி மண்ணில் குத்தினால் தானாகத் தளிர்க்கும். காலையில் மஞ்சளாய்ப் பூக்கும், பின்னேரம் சிவந்து வாடி விழும், மறுநாள் உம்மாமார் அதைக் கூட்டி அள்ளுவார்கள். காயைக் கிள்ளினால் வருகிற மஞ்சள் பாலை நாங்கள் நகத்துக்குப் பூசுவோம். அதன் தோலுக்குள் நார் இருக்கிறது என்பதை நான் அந்தச் சூறாவளிக்குப் பிறகுதான் அறிந்தேன்.

எந்தச் சூறாவளி என்று சொல்லத் தேவையில்லை. எழுபத்தெட்டில் வந்ததுதான். எனக்குப் பத்து வயது.

காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் ஊரைக் காணவில்லை. எங்கள் வளவிலிருந்து கடல் தெரிந்தது. அதற்கு முன் ஒருநாளும் தெரிந்ததில்லை. தென்னை அத்தனையும் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. எங்கள் வெற்றிலை வட்டா மூன்றாவது வளவுக் கிணற்றுக்குள் கிடந்தது. யாரோ ஒரு பிள்ளையின் தொட்டில் எங்கள் கிணற்றடியில் வந்து நின்றது, ஒரு கால்கூட முறியாமல். சொந்தக்காரரைத் தேடி உம்மா நாலு தெருவுக்கு ஆளனுப்பினா. ஒருத்தரும் வரவில்லை. அந்தத் தொட்டிலைப் பிறகு என்ன செய்தோம் என்று எவ்வளவு யோசித்தாலும் இப்போது வருகுதில்லை.

பூவரசு மட்டும் நின்றது. இலை ஒன்றும் இல்லை, கொப்பெல்லாம் முறிந்து தோலில் தொங்கின. ஆனாலும் அடிமரங்கள் வரிசையாக நின்றன.

எங்கள் வளவில் ரெண்டு வீடு. ஒன்று எங்களது. மற்றது உம்மாவின் தங்கைக்கு, என் சாச்சிக்கு, கலியாணத்துக்காகக் கட்டிக் கொடுத்தது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருகிற வழக்கம் நம்முடையது என்பதால் சாச்சா எங்கள் வளவுக்கு வந்து ஒன்றரை வருசம்தான் ஆகியிருந்தது. நல்ல மனுசன். என்னைச் சைக்கிளில் முன்னால் இருத்திச் சந்தைக்குக் கூட்டிப் போவார். அந்தக் காற்றுக்குள் மாட்டை அவிழ்த்துவிடப் போனவர்மேல் குசினிச் சுவர் விழுந்தது. மாடு தப்பிக்கொண்டது.

சாச்சிக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. இத்தாவில் இருத்தினார்கள். புருசன் மவுத்தானால் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. சரி. ஆனால் அதற்கு முதலில் ஒரு வீடு வேண்டுமே! சாச்சிக்கு மிஞ்சியிருந்தது ரெண்டு சுவரும் அவை சந்திக்கிற மூலையும், அதன்மேல் ஒரு துண்டுத் தகரமும். திறந்த பக்கத்துக்கு உம்மா மூன்று சேலையைக் கட்டித் தொங்கவிட்டா. கடற்காற்று அந்தச் சேலையை ஒரு நேரம் சும்மா விடவில்லை. சாச்சி உள்ளே இருந்து நுனியைக் காலால் மிதித்துக்கொண்டே இருப்பா, சோறு தின்னும்போதும், ஓதும்போதும்.

தெருவோரத்து வேலியை எழுப்பினால்தான் அந்தக் காலுக்கு ஆறுதல். கிடுகு இருந்தது. விழுந்த தென்னைகளின் ஓலையைப் பெண்கள் எல்லாரும் இருந்து பின்னித் தள்ளினார்கள். கட்டக் கயிறுதான் இல்லை. கடைகளில் இருந்த கயிறெல்லாம் முதல் ரெண்டு நாளில் கூரைகளுக்குப் போய்விட்டது. வாப்பா வயலில் நின்றார். வெள்ளம் வடியவிட்டு, மிஞ்சின பயிரை மாடு தின்னாமல் காக்கவேண்டும், கிழமைக்கு ஒருநாள்தான் வருவார். உம்மாவுக்கு இடக்கை முறிந்து, பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டியிருந்தது. மிச்சம் நான்.

நார் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்தார். வீரமுனைப் பக்கத்துத் தமிழர். காட்டோரத்தில் ஆத்தி மரத்துப் பட்டை உரித்து, ஊறவைத்துக் காயவைத்த நாரைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் கொண்டு வருவார். வியாழக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு வருவார். நாங்கள் அவரை 'நார்க்காரர்' என்றோம். அவருக்கு ஒரு காது கேளாது, அதனால் சத்தம் போட்டுத்தான் கதைப்பார். அவருடைய நார் கூரை கட்டுகிறவர்களுக்கே போதாமல் போகும். எங்களுக்கு ஒரு கட்டு எடுத்து வைப்பார்.

"ஒரு கட்டு என்னத்துக்குக் காணும்? ஒங்கட வேலிலேயே நார் தொங்குதே தங்கச்சி," என்று உம்மாவிடம் பூவரசைக் காட்டிச் சொன்னதும் அவர்தான். "முறிஞ்ச கொப்புலதான் உரிக்கணும். அடிமரத்தச் சுத்தி உரிச்சிராதிங்க, மரம் பட்டுப்போயிரும்."

நான் உரித்துக் காட்டினேன். ஒரு சாண் நீளத்துக்கு வந்து அறுந்தது. நார்க்காரர் சிரித்த சிரிப்பு மூன்று வளவுக்குக் கேட்டிருக்கும்.

"சரிதான் புள்ள! இந்தக் கையால உரிச்சா அடுத்த சூறாவளிக்குத்தான் வேலி முடியும்!"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து முறிந்த கொப்புகளோடு மல்லுக்கட்டினேன். கத்தியால் கீறி, நகத்தைக் கொடுத்து நெம்பி, இழுத்து... பகலாகும்போது ரெண்டு நகம் பிளந்து ரத்தம். உம்மாவுக்குக் காட்டினால் வேலையை விடச்சொல்லுவா என்று பாவாடையில் துடைத்துக்கொண்டேன். சேலைக்குப் பின்னாலிருந்து சாச்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.

ஜும்ஆவுக்கு வாங்கு சொன்னது. வெள்ளிக்கிழமை அந்த நேரம் நம்மட தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஆண்பிள்ளை இராது. நடக்கக்கூடிய அத்தனை பேரும் பள்ளியில். பெண்கள் வீட்டுக்குள் தொழுவார்கள். நாய்தான் படுத்துக் கிடக்கும்.

நான் குனிந்து உரித்துக்கொண்டிருந்தேன். முன்னால் ரெண்டு கால் வந்து நின்றது. சாறன், நீலக் கோடு போட்ட சேட்டு, தலையில் துவாய். சாச்சா எழும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். கத்த வாயைத் திறந்தேன்.

"கத்திராதடி, நான்தான்," என்றது சாச்சியின் குரல். "கொண்டா கத்திய."

"சாச்சி! இத்தா... பாவம்!"

"பாவமெண்டா எனக்கு. ஒன்ட விரலப் பாருகா, கறிக்கு வெட்டின மாதிரி. எல்லா ஆம்பிளையும் பள்ளில. தூரத்தால ஆரும் கண்டாலும் ஆம்பிளை எண்டு நினைப்பாங்க. நீ தெருவப் பாரு."

நான் தெருவைப் பார்த்தேன். சாச்சி கொப்பின் அடியில் நீளமாகக் கீறி, பல்லால் ஒரு நுனியைக் கிளப்பி, ரெண்டு கையாலும் சர்ரென்று இழுத்தா. ஆள் உயரத்துக்கு வந்தது. மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக, வழுவழுவென்று, பச்சை வாசனையோடு. பள்ளி முடிகிற சலவாத்துச் சத்தம் கேட்க முன்னம் ஒரு குவியல். அதை நான் கொண்டுபோய்த் தோணா ஓடைத் தண்ணீருக்குள் கல் வைத்து ஊறப்போட்டேன். ஏழெட்டு நாளில் நாறும். அப்படி ஒரு நாற்றம், மூக்கைப் பொத்தினாலும் நாக்கில் தெரியும். அலசி அடித்தால் நார் வரும்.

"ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு," என்றா சாச்சி. பண்ணினேன்.

இப்படி மூன்று வெள்ளிக்கிழமை. உம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். அந்த நேரம் பார்த்து உம்மா அவ்வளவு நீளமாய் ளுஹர் தொழுததை இப்போது நினைக்கும்போது, அவவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒன்று சொல்லவேண்டும், வெட்கமாயிருந்தாலும். அந்த மூன்று வெள்ளியும் எனக்குச் சந்தோசம். ஊரெல்லாம் செத்த வீடு மாதிரிக் கிடக்க, நானும் சாச்சியும் களவாக ஒரு வேலை செய்கிறோம் என்ற சந்தோசம். சாச்சியும் ஒருதரம் சிரித்தா. ஒரு கொப்பில் இலை துளிர்த்துப் பூவும் வந்திருந்தது. "இதுக்கு வெட்கமே இல்லகா, அதுக்குள்ள பூத்துட்டு," என்று சொல்லிச் சிரித்தா.

மூன்றாம் வெள்ளி சாச்சியின் மாமி, சாச்சாவைப் பெற்றவ, மருமகளுக்குச் சோறு கொண்டு பின்பக்கத்து ஒழுங்கையால் வந்திருக்கிறா. நான் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒழுங்கையைப் பார்க்கவில்லை. மாமிக்குத் தெரிந்தது, சாறனும் சேட்டும் போட்ட ஒரு முதுகு சேலையை விலக்கி மருமகளின் மூலைக்குள் நுழைந்தது. பெற்ற மகனுடைய சேட்டை அவவுக்கு அடையாளம் தெரியவில்லை. அழுதழுது கண் மங்கியிருந்தது, பாவம். சோற்றுக் கோப்பையை ஒழுங்கையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனா.

சனிக்கிழமை காலை வந்தார்கள். பள்ளியை நிர்வகிக்கிற மரைக்கார், அவருக்குப் பின்னால் மாமி, மாமியின் சொந்தத்தில் ரெண்டு இளந்தாரிகள். மரைக்கார் கெட்ட மனுசன் இல்லை. கதிரை போட்டும் இருக்கவில்லை, சேலைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஜும்ஆ நேரம் இந்த வளவுக்குள்ள ஒரு ஆம்பிளை நிண்டதாம். ஆரு?" என்று உம்மாவைக் கேட்டார்.

"நான் தொழுதுட்டு நிண்ட. எனக்குத் தெரியா," என்றா உம்மா.

"புள்ள வெளிய நிண்டதாமே." என் பக்கம் திரும்பினார். "மகள், பயப்படாதிங்க. நீங்க கண்டிங்களா?"

உம்மா மரைக்காருக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினா. தெரியாது என்று சொல், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் மரைக்கார் இருமிவிட்டுப் போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் கெட்டிக்காரி ஆயிற்றே! குர்ஆன் மதரசாவில் முதல் ஆள். மூளை ஓடியது. ஒரு பெண் இத்தாவில் வெளியே வந்தாள் என்றால் பெரும் பாவம், சாச்சி நரகத்துக்குப் போவா. ஆம்பிளை வந்தார் என்றால்? நம்மட ஆம்பிளை என்று சொல்லமுடியாது, நம்மட ஆம்பிளை ஜும்ஆவை விட்டால் அவருக்குப் பாவம். ஜும்ஆ கடமை இல்லாத, வேறு மார்க்கத்து ஆள் ஒருவர் வேண்டும். அப்படி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள். அவர் வேலைக்கு வந்ததில் என்ன பாவம்? ஒருத்தருக்கும் நட்டம் இல்லாத பொய் என்று கணக்குப் போட்டேன்.

"நார்க்காரர்தான் வந்த," என்றேன். "நார் உரிக்க."

உம்மாவின் முகம் வெளிறியது. மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டா. அந்த இளந்தாரிகள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே வளவுக் கடப்பைத் தாண்டிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றைக்குச் சந்தை நாள். நார்க்காரர் எங்கே நிற்பார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போது சேலைக்கு நடுவால் ரெண்டு கை வெளியே வந்தது.

முழங்கை வரைக்கும். இத்தாவில் இருக்கிற பெண்ணின் விரல் நுனி தெரிந்தாலே ஊர் கதைக்கும். அந்தக் கை முழுக்கப் பூவரசுக் கறை, மஞ்சளும் கறுப்பும். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது.

"மரைக்கார் மாமா, திரும்பிப் பாருங்க," என்றா சாச்சி. "வந்த ஆம்பிளை நான்தான். அவர்ட சாறனும் சேட்டும் உடுத்துக்கிட்டு நான்தான் உரிச்ச. அந்த மனுசன் ஒண்டும் அறியா. ஓடிப்போய் மறிங்க அவங்கள!"

மரைக்கார் திரும்பிப் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்தினார். வெளியே ஓடி யாரையோ அனுப்பினார். மாமி சேலைக்குள் போனா. உள்ளே இருந்து வந்த அழுகையை நான் இங்கே சொல்ல மாட்டேன்.

அனுப்பின ஆள் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. என்ன, ஏது என்று ஒரு கேள்வி இல்லை, நார்க்காரரை அடித்துவிட்டார்கள். கேட்டிருந்தாலும் அந்தச் சந்தைச் சத்தத்தில் அவருடைய காதுக்கு விழுந்திருக்குமோ தெரியாது. உதடு கிழிந்து, சைக்கிள் வளைந்து, அதை உருட்டிக்கொண்டு வயல் பாதையால் போனாராம். நார்க் கட்டுகளைத் தோணாவுக்குள் எறிந்திருந்தார்கள். பிறகு அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. தோணாவில் கிடந்த நாரை நாலைந்து வீட்டுப் பெண்கள், ஊறின நார்தானே என்று, அலசி எடுத்துக்கொண்டு போனார்கள்.

பள்ளியில் கூடிக் கதைத்தார்கள். இத்தா முறிந்துவிட்டது, முதலிலிருந்து எண்ணவேண்டும் என்று முடிவு வந்தது. இருந்த நாட்கள் எல்லாம் கழிந்து போயின. அன்று பின்னேரமே இருபது ஆண்கள் வந்தார்கள். மரைக்கார் தன் தோணிக்கு வைத்திருந்த கயிற்றைக் கொண்டுவந்து போட்டார். அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கி மஃரிபுக்கு முன்னம் வேலி எழும்பிவிட்டது! அந்த இருபது பேரும் அந்தக் கயிறும் முதல் நாளிலிருந்தே ஊரில்தான் இருந்தார்கள்.

சாச்சி மறுபடி நாலு மாசமும் பத்து நாளும் இருந்தா. அதற்குப் பிறகு மூன்று இடத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. மூன்றும் "இத்தாவ முறிச்ச பொண்டாம்" என்ற ஒரு சொல்லில் நின்றது. சாச்சி தனியாகவே இருந்தா, பாய் பின்னினா, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தா. என் பொய்யைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வயதில் சொல்லத் தெரியவில்லை, இருபதில் வெட்கம், முப்பதில் பிள்ளைகள். நாற்பதுக்குப் பிறகு, அதெல்லாம் பழைய கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருசம் எனக்கே இத்தா வந்தது. உங்களில் கனபேர் வந்து பார்த்தீர்கள். எனக்குச் சீனி ஏறி, ஆசுபத்திரிக்குப் போகலாமோ என்று ஒரு மௌலவியிடம் போனில் கேட்கச் சொன்னேன். என் மகன் வயதுப் பெடியன். "தேவைக்குப் பகல்ல வெளிய போகலாம் உம்மா, அதால இத்தா முறியாது," என்றார். முறிந்தால் திரும்ப எண்ணவேண்டாமா என்று கேட்டேன். "அப்பிடி ஒண்டும் மார்க்கத்துல இல்லையே," என்றார். போனை வைத்தேன். அழுகைகூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது, எலும்புக்குள்ளால் வருகிற களைப்பு.

என் இத்தா முடிந்த மறுகிழமை சாச்சியிடம் போனேன். அவவுடைய காலடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மௌலவி சொன்னதையும் சொன்னேன். அவ ஆச்சரியப்படவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும்கா. தெரிஞ்சுதான் இருந்த," என்றா. "முதல் இத்தா முழுக்க எனக்கு வேலியும் நாரும்தானே. அவருக்காக அழ நேரம் வரல்ல. ரெண்டாவதுலதான் ஆறுதலா இருந்து அழுத. அதுக்காக ஒன்னக் கோவிக்கல்ல."

"பொருத்தம் தாங்க சாச்சி, என்ன மன்னிச்சிருங்க," என்றேன்.

"எப்பவோ தந்துட்டன்." என் கையைப் பிடித்துக்கொண்டா. அப்படியே, சாதாரணமாக, சோறு தின்றாயா என்று கேட்கிற மாதிரிக் கேட்டா:

"அந்த மனுசன்ட்ட கேட்டியா?"

பிறகு வந்த கெட்ட காலத்தில் வீரமுனைப் பக்கத்துச் சனம் எங்கெங்கெல்லாமோ போய்விட்டது. விசாரிக்கலாம். ஒரு ஆளைப் பிடித்து, அந்தப் பக்கம் போய், இப்படி ஒருவர் இருந்தார், அவருடைய பிள்ளைகள் எங்கே என்று கேட்கலாம். என்ன பேர் என்று கேட்பார்கள். அதை நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.